ரீலிலிருந்து நீக்கியவை

ஜாக்சன், மிசிசிப்பி
மார்ச் 14, 1994

அன்புள்ள வினெட்டா அத்தைக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் வறட்டு இருமல் மட்டும் அப்படியே இருக்கிறது. எந்த அறைக்குள் வந்தாலும் இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் வருகிறார், உங்களுக்குத் தெரியாததா. சிகாகோவில் பனி விட்டதா? முழங்கால் தேவலையா?

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. விஷயத்துக்கு வருகிறேன்.

ஏமஸ் ஃபேர்லியை அடக்கம் செய்தாயிற்று. நீங்கள் வருவீர்கள் என்று ஹாலோவேயில் பாதி ஊர் எதிர்பார்த்தது. ஏன் வரவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். "குளிர்காலம்டா" என்றார். சிகாகோவில் இருப்பவர் குளிருக்குப் பயந்து மிசிசிப்பிக்கு வரவில்லையாம். சரி, விடுங்கள்.

மவுண்ட் நீபோ சர்ச்சில் நிற்க இடமில்லை. 'இரங்கல் உரை ஆளுக்கு இரண்டு நிமிடம்' என்று அச்சடித்திருந்தார்கள். முதலில் எழுந்த பாஸ்டரே இருபது நிமிடம் பேசினார். எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: சிறைக்குப் போனது, நூறு வருடத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் கறுப்பர் ஆனது, ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் நம் ஜனங்கள் இருக்கும் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவருடைய வாக்கியம்: "நாங்க எங்கேயும் போகல."

ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அவர் படத்தைத் திறக்கிறார்கள். படத்துக்குக் கீழே அந்த வாக்கியத்தைப் பொறிக்கப்போகிறார்கள். அதை அவர் முதன்முதலில் சொன்ன 1963 கூட்டத்தின் ஒலிநாடா அவர் வீட்டு அலமாரியில் கிடைத்திருக்கிறது. வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு மாணவன் பதிவு செய்த ரீல். ரேடியோ நிலையத்தில் ஒலிப் பொறியாளன் என்பதால், விழாவில் போட அதைச் சுத்தம் செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

படுமோசமான பதிவு. ஹம்மென்ற மின்சார இரைச்சல், அட்டை விசிறிகளின் படபடப்பு, எங்கோ தளர்ந்த கதவு ஒன்று டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மைக்குக்கு அருகில் ஒரு பெண். மனிதரை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விடவில்லை. "ஆமா", "அப்படித்தான்", "நிதானமா" என்று குறுக்கே குறுக்கே விழுகிறாள். அவளை அறுத்தெடுக்கவே ஒரு வாரம் ஆகும்.

ஜூனில் வருவீர்களா? திருமதி ஓலா ஃபேர்லி உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
லின்வுட்


சிகாகோ
ஏப்ரல் 2, 1994

அன்பு லின்வுட்டுக்கு,

கர்த்தர் இன்று காலையும் என்னை எழுப்பிவிட்டார், புத்தியும் என் வசத்தில்தான் இருக்கிறது. வேறென்ன வேண்டும். முழங்கால் படிகளைக் கண்டால் முனகுகிறது. பனி உருகிச் சேறாகக் கிடக்கிறது.

ஓலாவுக்கு என் அனுதாபத்தைச் சொல். பூ அனுப்பியிருந்தேன், கிடைத்திருக்கும்.

சட்டமன்றத்தில் முன்வரிசை நாற்காலிக்கு ஆள் கிடைக்காமல் போகாது. நான் வர வேண்டியதில்லை.

உன் வேலையைப் பற்றி எனக்கென்ன தெரியும். தேவையில்லை என்று தோன்றுவதை எடுத்துவிடு.

உன் அப்பாவைத் தேன் கலந்த வெந்நீர் குடிக்கச் சொல். கேட்கமாட்டான், ஆனாலும் சொல்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
அத்தை


ஜாக்சன்
ஏப்ரல் 9, 1994

அன்புள்ள அத்தைக்கு,

நலமே. அப்பாவிடம் தேன் சொன்னேன், "அவளுக்கு வேற வேலை இல்ல" என்றார்.

எனக்குக் கோபம். யாரிடமாவது கொட்ட வேண்டும்.

ரீலை முடித்துவிட்டேன். ஹம் இல்லை, விசிறி இல்லை, கதவு இல்லை. தொடக்கத்திலிருந்த வெட்டிப்பேச்சை வெட்டினேன். பேச்சின் நடுவே காரணமே இல்லாமல் சபை இரண்டு மூன்று முறை பாட்டு பாடுகிறது, அதையும் எடுத்தேன். தூரத்தில் யாரோ இருமுகிறார், அதுவும் போயிற்று. அந்தப் பெண் அடியோடு இல்லை. ஃபேர்லி வாயைத் திறக்குமுன் நீண்ட வெற்றிடம் ஒன்று இருந்தது. அதையும் நீக்கி, நேராக "நாங்க எங்கேயும் போகல" என்று அவர் தொடங்குகிற மாதிரி வைத்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. என் வாழ்க்கையில் செய்த சுத்தமான வேலை.

நேற்று மவுண்ட் நீபோவில் படத்திறப்புக் குழுவினருக்குப் போட்டுக் காட்டினேன். பொரித்த கெளுத்தி மீன் தட்டுகளோடு உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நல்லது, நெகிழ்ந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சர்ச் டீக்கன் பர்விஸ் லாட் முள்ளைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஏமஸ் பேசறது நல்லாக் கேக்குது. ஆனா யார்கிட்ட பேசறான்?"

"கூட்டத்துகிட்டதான்."

"எந்தக் கூட்டம்? காலி சர்ச்சுல தனியா நின்னு கத்தற மாதிரி இருக்கு. ஆளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு பாக்கறவன் நினைப்பான்."

"இரைச்சலை எடுத்திருக்கேன் டீக்கன்."

"எங்களையும் சேர்த்து எடுத்துட்டே."

திருமதி ஓலா "அழகா இருக்குப்பா" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மீனைத் தொடவே இல்லை.

அப்பாவும் பின்னால் இருந்தார். திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். "எப்படிப்பா இருந்தது?" என்றேன். "எண்ணெய் மாத்தணும், வண்டி சத்தம் போடுது" என்றார்.

நீங்கள் படித்தவர், டீச்சராக இருந்தவர். நீங்களாவது சொல்லுங்கள். இரைச்சலை எடுத்தது தப்பா?

லின்வுட்


சிகாகோ
ஏப்ரல் 20, 1994

அன்பு லின்வுட்டுக்கு,

உடம்பு பரவாயில்லை. ஜன்னல் தொட்டியில் துளசி போட்டிருக்கிறேன், முளைக்குமா பார்ப்போம்.

நீ கேட்டதால் எழுதுகிறேன்.

அது தளர்ந்த கதவு இல்லை. மரத்தரையில் செருப்பின் குதிகால். பேசுகிறவன் திணறும்போது தாளம் போட்டுக் கொடுத்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவான். அதற்காகப் போடுவது.

பாட்டுக்குக் காரணம் இல்லை என்கிறாய். இருமலை நீக்கியவனுக்குக் காரணம் எப்படித் தெரியும்? ரோட்டில் ஷெரீபின் போலீஸ் வண்டி விளக்கு தெரிந்தால் இருமல். இருமல் கேட்டால் பாட்டு. வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே ஏதோ ஆராதனை நடக்கிறது என்று இருக்கும். வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு.

அந்தப் பெண் குறுக்கே விழவில்லை.

இன்று இவ்வளவு போதும்.

அத்தை


ஜாக்சன்
ஏப்ரல் 25, 1994

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம்.

கதவு என்று எழுதியவன் நான். குதிகால் என்று எழுதியவர் நீங்கள். ஷெரீபின் வண்டியைப் பற்றி நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. 'அந்தக் கூட்டமெல்லாம் எனக்குத் தெரியாது, நான் உண்டு என் பள்ளிக்கூடம் உண்டு' என்றுதானே இத்தனை வருடம் சொன்னீர்கள்?

மூல ரீலை மறுபடி ஓட்டினேன். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. கிறிஸ்துமஸ் தோறும் தொலைபேசியில் கேட்கிற குரலிலிருந்து முப்பது வருடத்தையும் சிகாகோவையும் கழித்துப் பார்த்தேன். நீங்கள்தான்.

என் வேலையில் இருப்பவனுக்கு இது அவமானம். சொந்த அத்தையை ஒரு வாரம் உட்கார்ந்து அறுத்தெடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. நான் நீக்கிய வெற்றிடத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஃபேர்லி சொல்வதற்கு முன்னால், உங்கள் குரலில். "நிதானமா, ஏமஸ். நாங்க எங்கேயும் போகல." அதற்குப் பிறகுதான் அவர் அதைத் திருப்பிச் சொல்கிறார்.

படத்துக்குக் கீழே பொறிக்கப்போவது உங்கள் வாக்கியம். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? அவர் ஏன் சொல்லவில்லை? அந்த இருமல் யாருடையது? அங்கே வேறு யாரெல்லாம் இருந்தார்கள்?

நேரான பதில் வேண்டும்.

லின்வுட்


சிகாகோ
மே 16, 1994

அன்பு லின்வுட்டுக்கு,

தாமதத்துக்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். ஆனால் கடிதத்தை முழங்காலால் எழுதுவதில்லை.

ஆமாம், நான்தான். நாலாம் வகுப்பு டீச்சர், வெள்ளைக் குதிகால் செருப்பு, இரண்டாவது வரிசை. ஏமஸ் என் கூடப் படித்தவன். வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்தால் அப்படியே நின்றுவிடுவான். அன்றும் அதுதான். கையில் தாள் இருந்தது, வாயில் பேச்சு இல்லை. மறுநாள் எல்லோரும் கோர்ட்டுக்கு நடந்துபோய் ஓட்டுரிமைக்குப் பெயர் பதிய வேண்டும் என்று அவன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சபை கலைந்து வீட்டுக்குப் போய்விடும். பாதிப் பேர் ஏற்கெனவே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிகாலைத் தட்டினேன். நீ கேட்ட அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனை நிறுத்த ஆளில்லை. முப்பது வருடம் நிறுத்த ஆளில்லை.

நானும் மறுநாள் அந்த வரிசையில் நின்றேன். அடுத்த வாரம் என் வகுப்பில் வேறு டீச்சர் இருந்தாள். அந்த மாவட்டத்தில் எனக்குத் துணி துவைக்கிற வேலைகூடக் கொடுக்க யாருக்கும் துணிச்சலில்லை. சோளம் முற்றும்போது ரயில் ஏறினேன்.

எங்கேயும் போகல என்று சொன்னவள்தான் போனாள். இதை இரண்டாம் முறை எழுதச் சொல்லாதே.

அதற்காக அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறு. 1979-இல் அவன் சட்டமன்றத்துக்கு ஜெயித்தபோது வந்திருந்தேன். உனக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. மவுண்ட் நீபோவில் வெற்றிக் கூட்டம். துண்டுத்தாள் ஒட்டியவன், வண்டி ஓட்டியவன், கோழி பொரித்தவள், எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னான். 1963 கூட்டத்துக்கு வந்த எங்கள் முறை வந்தது. "அன்னைக்கு ஒரு சகோதரி சொன்ன மாதிரி, நாங்க எங்கேயும் போகல" என்றான். ஒரு சகோதரி! நேராக என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்குப் பெயரில்லையா? பிறகு பத்திரிகைக்காரர்கள் அந்தச் சகோதரியையும் எடுத்துவிட்டார்கள். வாக்கியம் அவனுடையதாயிற்று. அன்று சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. செத்தும் போய்விட்டான்.

அதனால் நான் வரவில்லை.

அங்கே வேறு யார் இருந்தார்கள், இருமியது யார் என்று கேட்டிருக்கிறாய். அது நான் சொல்கிற விஷயம் இல்லை.

அத்தை


ஜாக்சன்
மே 21, 1994

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பு நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும்.

உங்கள் கடைசி வரியை நீங்களே படித்துப் பாருங்கள். 'அது நான் சொல்கிற விஷயம் இல்லை.' முப்பது வருடம் கழித்து, சொந்த மருமகன் கேட்டும், இருமியவன் பெயர்கூட உங்கள் வாயிலிருந்து வரவில்லை. ஃபேர்லியும் அதைத்தானே செய்தார்? அவர் செய்தால் நன்றிகெட்டதனம், நீங்கள் செய்தால் என்ன?

திருமதி ஓலாவிடம் போனேன். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று ஃபேர்லி சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். சிரித்தார்.

"பேரா? ஜெயில்ல அவருக்குப் பல்லு போச்சுப்பா, பேரு போகல. சர்ச்சுல யார் யார் இருந்தாங்கன்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுங்க. தெரிஞ்சா அத்தனை பேரையும் வீட்டை விட்டுத் துரத்தியிருப்பானுங்க. ஒண்ணும் சொல்லல. நான் அவரைக் கட்டினவ, எனக்கே சொல்லல. 'அது அவங்க சொல்ற விஷயம், ஓலா'ம்பார்."

"ஆபத்தெல்லாம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சே?"

"நானும் அதைத்தான் கேப்பேன். 'டீச்சர் சொல்லியிருக்காங்க'ம்பார். எந்த டீச்சர்னு கேட்டா, அதையும் சொல்லமாட்டார்."

வீட்டுக்கு வந்து, பிரதி எடுக்குமுன்பே மூல ரீலின் தொடக்கத்தில் வெட்டிப்பேச்சு என்று நான் நறுக்கிப்போட்ட துண்டை டப்பாவிலிருந்து எடுத்து ஒட்டினேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் குரல்: "அந்த மெஷினு ஓடலையே?"

பையன் குரல்: "இல்ல மேடம், சும்மா டெஸ்ட் பண்றேன்." (ஓடிக்கொண்டிருக்கிறது.)

உங்கள் குரல்: "எல்லாரும் கேளுங்க. இங்க யாரு இருந்தாங்கன்னு யாரும் யார் பேரையும் சொல்லக்கூடாது. ஷெரீப் கேட்டாலும் சரி, பெண்டாட்டி கேட்டாலும் சரி. அவங்கவங்க பேரை அவங்கவங்க சொல்லிக்கலாம், அது அவங்க இஷ்டம். அடுத்தவங்க பேரு உங்க வாயில வரக்கூடாது. சாகிற வரைக்கும்."

ஒரு ஆண் குரல்: "செத்தப்புறம் டீச்சரம்மா?"

சிரிப்பு.

உங்கள் குரல்: "செத்தப்புறம் கர்த்தர்கிட்ட சொல்லு. அவர் போய் ஷெரீப்கிட்ட சொல்லமாட்டார். ஏமஸ், புரிஞ்சுதா?"

ஃபேர்லி: "புரிஞ்சுது மேடம்."

கூடப் படித்தவர் உங்களை மேடம் என்கிறார், அத்தை.

இதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அவர் மறக்கவில்லை. 1979-இல் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயரைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. நீங்கள் எழுந்து சொல்வீர்கள் என்று காத்திருந்திருக்கிறார். நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

இப்படி எழுதக்கூடாதுதான். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

லின்வுட்


ஜாக்சன்
ஜூன் 6, 1994

அன்புள்ள அத்தைக்கு,

பதில் இல்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பாவைக் கேட்டால், "அவ எடுக்கமாட்டா, விடு" என்கிறார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு.

படத்திறப்பு ஜூன் 18, சனிக்கிழமை. மூல ரீலை முழுதாகப் போடப்போகிறேன், பெயர் சொல்லக்கூடாது என்ற உங்கள் விதியிலிருந்து. குழுத் தலைவர் குதித்தார். "படத்துக்குக் கீழ ஏமஸ் சொன்னதுன்னு போட்டிருக்கோம். டேப்புல ஒரு பொம்பளை சொன்னா ஜனங்களுக்குக் குழப்பம்" என்றார். திருமதி ஓலா அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அவர் உயிரோட இருந்தப்போ குழம்பாத ஜனங்க இப்போ கொஞ்சம் குழம்பட்டும். முழுசாப் போடுப்பா" என்றார். முடிந்தது வழக்கு.

அந்தக் குரல் யாருடையது என்று திருமதி ஓலா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் விதி பிடித்துவிட்டது போலிருக்கிறது.

உங்கள் நாற்காலி அங்கேயே இருக்கிறது. நீங்கள் வரவில்லையென்றால் அந்த ஹாலில் உங்கள் குரல் கேட்கும், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கடைசிவரை 'ஒரு சகோதரி'தான். உங்கள் இஷ்டம்.

போன கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன். ஆனால் அதில் தப்பு எதுவும் இல்லை.

லின்வுட்


சிகாகோ
ஜூன் 10, 1994

லின்வுட்,

வருகிறேன் என்று சொல்லவில்லை. வந்தால் பெட்டி தூக்க ஆள் வேண்டும்.

பேசுவேன் என்று யாரிடமும் சொல்லிவைக்காதே. ஓலாவிடமும்.

துளசி முளைத்துவிட்டது.

அத்தை


சிகாகோ
ஜூன் 27, 1994

அன்பு லின்வுட்டுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரி மெம்பிஸ் வரை மருமகளைத் திட்டிக்கொண்டே வந்தாள், பொழுது போயிற்று. முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்கு வருத்தப்படாதே. எனக்கு விடைபெறுகிற பழக்கம் என்றைக்குமே சரியாக வந்ததில்லை.

நீ பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒலியறைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாய். அதனால் பார்க்காததைச் சொல்கிறேன்.

பளிங்குத் தரை. குதிகால் போட்டிருந்தால் நன்றாகக் கேட்டிருக்கும், நான் போட்டிருந்தது ரப்பர். குளிர்சாதனம் ஐஸ் வீட்டைப் போல இருந்தது. ஆனாலும் நம் ஜனங்கள் சவ அடக்கக்காரன் விளம்பரத்துக்குக் கொடுக்கும் அட்டை விசிறியோடுதான் வந்திருந்தார்கள். ஏமஸின் படம் நன்றாக இருக்கிறது. பல்லை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறான் ஓவியன். அந்த இடைவெளி அவனுக்கு அழகு.

உன் ரீல் ஓடியது. என் குரல். "சாகிற வரைக்கும்." இவ்வளவு அதிகாரமாகவா பேசினேன்! பிறகு ஏமஸ் எழுந்து நின்று பேசாமல் இருக்கிற அந்த நேரம். நீ நல்லவேளை அதைத் திரும்ப வைத்தாய். சட்டமன்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், மெஷின் கெட்டுவிட்டது என்று. அப்போது எனக்குப் பின்வரிசையிலிருந்து பர்விஸ், டேப்பைப் பார்த்து, "சொல்லுப்பா ஏமஸ்" என்றார். இன்னொருத்தி "கர்த்தாவே, அவனுக்குத் துணை நில்லும்" என்றாள். செத்தவனுக்குப் பதில் சொல்கிறார்கள், லின்வுட்! குழுத் தலைவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டேப்பில் ஏமஸ் ஒரு வார்த்தை, ஹாலில் ஒரு 'ஆமா'. முடிவதற்குள் வெள்ளைக்கார உறுப்பினர் ஒருவர்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓலா என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

எழுந்தேன். முழங்கால் ஒத்துழைத்தது. "வினெட்டா சைக்ஸ். இரண்டாவது வரிசை" என்றேன். நாலாம் வகுப்புக் குரல் இன்னும் இருக்கிறது, மைக் தேவைப்படவில்லை.

படத்தைப் பார்த்து இன்னும் ஒன்று சொன்னேன். அது அவனுக்கும் எனக்கும். உன் மெஷினில் விழுந்திருந்தால் அதை மட்டும் நீ எடுத்துவிடலாம்.

எனக்குப் பிறகு யார் யார் எழுந்தார்கள் என்று எழுதமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

மறுநாள் காலை உன் அப்பாதான் பஸ் நிலையத்தில் பெட்டியைத் தூக்கினான். தேன் டப்பா ஒன்றை அவன் கோட் பையில் திணித்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜெபத்தில் உன்னை வைத்திருக்கும்,
அத்தை


ஜாக்சன்
ஜூலை 3, 1994

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இங்கே வெயில் கொளுத்துகிறது. அப்பா நலம். தேன் டப்பாவில் பாதி காலி, கேட்டால் எறும்பு என்கிறார்.

நீங்கள் பார்த்ததை எழுதினீர்கள். நான் கேட்டதை எழுதுகிறேன். எனக்குச் சுவர்தான் தெரிந்தது. காதில் ஹெட்போன், கையில் ஒலியளவுக் குமிழ்.

நீங்கள் பெயர் சொன்னதும் ஒரு நாற்காலி நகர்ந்தது. "பர்விஸ் லாட். பியானோ பக்கத்துல. நான் பாட்டு பாடினதோட சரி, மறுநாள் நடக்கல. அதையும் சொல்லிடறேன்." யாரோ, "அப்பவும் சுருதி இல்ல" என்றார். சிரிப்பு. மீன் தட்டை வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்த மனிதர், தன் குரலையே நான் வெட்டியிருக்கிறேன் என்பதை அன்று சொல்லவில்லை. பிறகு ஒரு பெண், பெயரும் வாசல் பக்கம் என்பதும் மட்டும். பிறகு குரல் நடுங்கும் ஒரு கிழவர். ஒருவர் பெயரையும் இன்னொருவர் சொல்லவில்லை. ஒருவரும் இரண்டாவது வாக்கியத்துக்குப் போகவில்லை, பர்விஸைத் தவிர. இரண்டு நிமிட விதியை மதித்த ஒரே கூட்டம் இதுதான்.

முடிந்தது என்று ஒலியைக் குறைக்கப் போனேன்.

அப்போது ஹெட்போனில் இருமல். வறட்டு இருமல், இரண்டு தரம்.

குமிழைத் திரும்ப மேலே திருப்பினேன்.

"ஐசக் சைக்ஸ். ஜன்னல் பக்கம்."

அவ்வளவுதான். நாற்காலி மறுபடி நகர்ந்தது.

நான் வளர்ந்ததெல்லாம் அந்த இருமலைக் கேட்டுத்தான். பள்ளிக்கூடம் போகாமல் ஒளிந்திருக்கும்போது, கள்ளத்தனமாகச் சிகரெட் பிடிக்கும்போது, அது கேட்டால் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்வேன். அதையே ரீலில் கேட்டபோது தூரத்து இரைச்சல் என்று நினைத்து அறுத்தெறிந்தேன். அந்த வேலையை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டியிருக்கிறேன். அவர் காரில் போய் உட்கார்ந்தது எண்ணெய் மாற்றுவதற்காக இல்லை.

அப்பா உங்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று மாலை, அவரோடு வண்டியில் போகும்போது கேட்டேன். "ஏம்ப்பா, இத்தனை வருஷமா எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ உன் அத்தையைத்தானே கேட்டே. என்னைக் கேக்கலையே."

இத்துடன் கேசட் ஒன்று அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் 1963, மறுபக்கத்தில் ஜூன் 18. ஹம் இருக்கிறது, விசிறி இருக்கிறது, குளிர்சாதனம் உறுமுகிறது. படத்தைப் பார்த்து நீங்கள் சொன்னதும் விழுந்திருக்கிறது. திருமதி ஓலாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. எடுத்துவிடச் சொன்னீர்கள். எடுக்கவில்லை.

படத்துக்குக் கீழே வைக்கும் பலகையை மாற்றுகிறார்கள். திருமதி ஓலா போய்ச் சண்டை போட்டார். யார் பெயரும் இருக்காதாம், அந்த வாக்கியம் மட்டும்.

அப்பாவின் முறை கடைசியில் வருகிறது. தூரத்திலிருந்து பேசுகிறார், ஒலியைக் கூட்டி வையுங்கள். முதலில் இருமல் வரும். வந்ததும் நீங்கள் பாட ஆரம்பித்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
லின்வுட்